பைன் பலகை வாங்கிக் கடலோர வீட்டில் அலமாரி செய்ய

கடலூரிலோ புதுச்சேரியிலோ மரவாடிக்குப் போய் "பைன் இருக்கா?" என்று கேட்டால் இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்தப் பைன் என்று கேட்டால் பல கடைகளில் பதில் வராது. ஃபின்லாந்தில் எண்பது ஆண்டு மெல்ல வளர்ந்த மரம், நியூசிலாந்துத் தோட்டத்தில் இருபத்தைந்து முப்பது ஆண்டில் பருத்த மரம், ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்புரூஸ் என்னும் வேறொரு ஊசியிலை மரம் எல்லாம் ஒரே அடுக்கில் ஒரே பெயரில் கிடக்கும். மூன்றும் வேலைக்கு ஆகும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இங்கே முக்கியமாகப் பார்க்கப்போவது வட ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன். அதைக் கண்டுபிடித்து வாங்கி, நம் ஊர்க் காற்றுக்குப் பழக்கி, ஐந்தடி புத்தக அலமாரி ஒன்றைச் செய்து முடிக்கும் வரை வரிசையாகப் பார்ப்போம்.

மரம் வளரும் இடம்

ஸ்காட்ஸ் பைனின் தாவரப் பெயர் பைனஸ் சில்வெஸ்ட்ரிஸ். உலகில் உள்ள பைன் வகைகளிலேயே அதிகப் பரப்பில் இயற்கையாகப் பரவியது இதுதான். மேற்கே ஸ்காட்லாந்து, ஸ்பெயின் தொடங்கி சைபீரியாவின் கிழக்குக் கோடி வரை நிற்கிறது. நார்வேயில் 70 பாகை வட அட்சரேகை வரை போகிறது. ஊசி இலைகள் இரண்டிரண்டாக, லேசாக முறுக்கிக்கொண்டு, நீலம் கலந்த பச்சையில் இருக்கும். மேல்மரத்தின் பட்டை ஆரஞ்சு நிறத்தில் உரிந்து நிற்பதை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம். மணலும் கல்லுமான சத்தற்ற நிலத்திலும் பிழைக்கும், ஆனால் நிழல் ஆகாது. 

எண்ணிக்கையில் குறைவே இல்லாத மரம். ஃபின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. அந்தக் காடுகளில் நிற்கும் மரத்தின் கன அளவில் சுமார் பாதி இந்தப் பைன். ஸ்வீடனில் பைனும் ஸ்புரூஸும் ஏறத்தாழ சமமாக நின்று காட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்காட்லாந்து மட்டும் விதிவிலக்கு. 2014-இல் இதைத் தேசிய மரமாக அறிவித்தார்கள், ஆனால் அங்கே பழைய இயற்கைக் காட்டில் எஞ்சியிருப்பது சிறு சிறு துண்டுகள்தான்.

அந்த நாடுகளில் வீட்டு மரச்சட்டம், ஜன்னல், மின்கம்பம், ரயில் கட்டை, காகிதக் கூழ் எல்லாம் இதிலிருந்துதான். பாய்மரக் கப்பல் காலத்தில் கயிற்றுக்கும் கப்பலடிக்கும் பூசிய தார், வடநாட்டுப் பைனின் அடிமரத்தையும் வேரையும் குழியில் மூட்டம் போட்டு எடுத்தது. பைன் பாலைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் வரும், அடியில் தங்குவது ரோசின். நம் வயலின் வித்வான்கள் வில்லில் தேய்ப்பது அதுவே. அந்த வயலினின் மேல்தட்டு மட்டும் பைன் இல்லை, ஸ்புரூஸ்.

இந்த மரத்தை இங்கே நட்டு வளர்க்க முடியுமா என்றால் முடியாது. குளிர்கால உறக்கம் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அடுக்கடுக்கான செடி அரோகேரியா, தென் பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்குக் கிளை ஒடித்து ஜோடிக்கும் சவுக்கு பைன் இனமே அல்ல. ஊசி போலத் தெரிவது அதன் இலையல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சி.

அடுக்கில் எது எது

முதலில் பலகையின் நுனியைப் பாருங்கள். வளையங்கள் அங்கேதான் சுத்தமாகத் தெரியும். ஸ்காட்ஸ் பைனில் வளையங்கள் நெருக்கமாக, பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும். நடுவில் செம்பழுப்பான வைரம் (முற்றிய உள்மரம்), அதைச் சுற்றி வெளிர்மஞ்சளான வெள்ளை (இளம் வெளிமரம்), இரண்டுக்கும் நடுவே எல்லை தெளிவு. புதிதாக இழைத்த இடத்தில் பிசின் வாடை தூக்கும்.

நியூசிலாந்திலிருந்து வரும் ரேடியாட்டா பைனில் வளையம் அகலம், விரல் பருமன்கூட வரும். பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கும். ஸ்புரூஸ் முழுக்க ஒரே வெளிர் நிறம், வைரம் தனியாகத் தெரியாது. கணுக்கள் சின்னதாக, கறுப்பாக இருக்கும். கையில் தூக்கினாலே இலேசு தெரியும்: காய்ந்த ஸ்காட்ஸ் பைன் ஒரு கன மீட்டர் சுமார் 550 கிலோ, ஸ்புரூஸ் 400 சொச்சம்தான். 

அலமாரித் தட்டுக்கு நெருக்க வளையம் உள்ளதை எடுங்கள். பின்பலகைக்கும் பெட்டிக்கும் எது இருந்தாலும் பரவாயில்லை.

நார்டிக் (வட ஐரோப்பிய) மரத்தின் தரவரிசை பழைய முறையில் ஒன்று முதல் ஆறு வரை. ஒன்று முதல் நான்கு வரை சேர்த்துப் பிரிக்காமல் விற்பார்கள், அது தச்சு வேலைக்கான சரக்கு. ஐந்தாம் தரம் கணு உள்ள கட்டட மரம். ஆறாம் தரம் பெட்டி அடிக்க. இங்கே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கடைசித் தரமோ, பெட்டியைப் பிரித்ததோதான். விலையைப் பேசும் முன் இதை மனதில் வையுங்கள்.

அளவு கன அடியில். நீளத்தை அடியிலும் அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் பெருக்கி 144-ஆல் வகுக்கவும். 8 அடி நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் என்றால் 72-ஐ 144-ஆல் வகுத்து அரை கன அடி. ஒரு அங்குலம் என்று வாங்கும் பலகை இரு பக்கமும் இழைத்து முடித்தால் 20 மி.மீ. தான் நிற்கும், கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி மரம் வாங்குகிறீர்கள் என்றால்

புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், கடலூர் சிப்காட் பக்கம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்த பெட்டிகளும் பாலெட்டுகளும் (சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள்) பழைய மரமாக விலைக்கு வரும். அதில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு சூட்டு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்தது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 

எச்.டி. முத்திரையை வைத்து "கரையான் வராத மரம்" என்று சொல்லி விற்பார்கள். அது தவறு. அந்தச் சூடு அப்போது உள்ளே இருந்த பூச்சியைக் கொல்லும், அவ்வளவே. நாளைக்கு வரும் கரையானுக்கு அது தடையே அல்ல. மரம் காய்ந்தது என்பதற்கும் அது சான்றல்ல.

ரசாயன ஆலையிலிருந்து வந்த பாலெட்டில் கறையோ வாடையோ இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். பைனின் வெள்ளைப் பகுதி எதையும் உறிஞ்சிக்கொள்ளும், இழைத்தாலும் போகாது. பச்சைச் சாயல் அடிக்கும் கம்பம், கட்டை என்றால் செம்பு, ஆர்சனிக் சேர்ந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். வீட்டுச் சாமானுக்கு ஆகாது, அடுப்பில் எரிக்கவே கூடாது. 

நீலக் கறை வேறு சங்கதி. அது ஈரத்தில் கிடந்த வெள்ளைப் பகுதியில் பிடிக்கும் பூஞ்சை. பலத்தை ஏறக்குறைய குறைக்காது, பார்வைக்குத்தான் அசிங்கம். ஆனால் மரம் ஈரமாக இருந்தது என்று அது சொல்கிறது, ஆகவே ஈரத்தை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஈரம்: இங்கேதான் முக்கால்வாசி வேலையும் கெடுகிறது

கப்பலுக்கு வரும் பலகையை 18–20 விழுக்காடு ஈரம் வரை காயவைத்திருப்பார்கள். நம் கடலோரத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் மரம் 13 முதல் 15 விழுக்காட்டில் வந்து நிற்கும். குளிரூட்டி ஓடும் அறையில் 9–10 வரை இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் 16-க்கும் மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகை அகலவாக்கில் வீங்கும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு.

எவ்வளவு அசையும் என்று முன்னமே கணக்குப் போடலாம். வளையம் பலகையின் முகத்துக்குக் கிடையாக ஓடும்படி அறுத்த ஸ்காட்ஸ் பைன், ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் அகலத்தில் சுமார் 0.28 விழுக்காடு மாறும். 600 மி.மீ. அகல மேசைத்தட்டு, சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடையில் ஈரம் 5 விழுக்காடு மாறினால் 8 மி.மீ.க்கு மேல் அசையும். அடிச்சட்டத்தில் நேராகத் திருகாணி முறுக்கி இறுக்கிவிட்டு, பிறகு பலகை வெடித்ததே என்று மரத்தைத் திட்டிப் பயனில்லை. சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போட்டால் போதும்.

ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். பலகையின் நுனியிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி இரண்டு அங்குலத் துண்டு ஒன்று அறுங்கள். நுனி எப்போதும் சீக்கிரம் காய்ந்திருக்கும், அது பொய் சொல்லும். துண்டை நிறுத்துக்கொண்டு, ஓவனில் 100–105 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காயவிடுங்கள். ஈர எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கவும். 118 கிராம் 103-க்கு இறங்கினால் ஈரம் 14.6 விழுக்காடு, உடனே வேலை தொடங்கலாம். 18-க்கு மேல் என்றால் அடுக்கிக் காயவைக்க வேண்டும்.

அடுக்கும் முறை: தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சமமான கட்டைகள் மேல் பலகைகளைப் பரப்புங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே 20 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டத்) துண்டுகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல்வரிசை ரீப்பர் கீழ்வரிசை ரீப்பருக்கு நேர் மேலே வரவேண்டும், தப்பினால் பலகை அந்த இடத்திலேயே நெளியும். உச்சியில் கனமாக ஏதாவது வையுங்கள். வெயிலில் போடக்கூடாது. முகம் வேகமாகச் சுருங்கி நுனி பிளக்கும். அலமாரி எந்த அறையில் நிற்கப்போகிறதோ அதே அறையில் மூன்று நான்கு வாரம், பகலில் மின்விசிறி ஓடினால் நல்லது. ஆனி, ஆடியில் அடுக்கினால் சீக்கிரம் ஆகும். மழைக்காலத்தில் புதுப் பலகை வாங்கி உடனே அறுப்பதைத் தவிருங்கள்.

அலமாரி

5 அடி உயரம், 2 அடி உள் அகலம், 9 அங்குல ஆழம், ஐந்து தட்டு. பக்கப் பலகை 1500 மி.மீ. இரண்டு, தட்டு 612 மி.மீ. ஐந்து. இருபுறமும் பக்கப் பலகையில் வெட்டும் 6 மி.மீ. காடிக்குள் (பள்ளத்துக்குள்) போவதால்தான் அந்த 12 மி.மீ. கூடுதல். மொத்தம் 20 அடி ஓட்டம், 1.25 கன அடி. கணு, வெடிப்பு, நுனிக் கழிவுக்காக ஒன்றரை கன அடிக்கு மேல் வாங்கிவிடுங்கள்.

தட்டு 2 அடிக்கு மேல் போக வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 20 மி.மீ. கனத் தட்டில் புத்தகம் நிறைய அடுக்கினால் 600 மி.மீ. இடைவெளியில் தொய்வு அரை மில்லிமீட்டருக்கும் கீழே. 900 ஆக்கினால் ஐந்து மடங்கு ஆகிவிடும், ஓரிரு ஆண்டில் இன்னும் தொங்கும். மூன்றடி வேண்டுமென்றால் முன்விளிம்பின் அடியில் 40 மி.மீ. சட்டம் ஒட்ட வேண்டும்.

9 அங்குலப் பலகை கிடைக்காவிட்டால் குறுகிய பலகை இரண்டை விளிம்பு ஒட்டிச் சேருங்கள். உண்மையில் அதுவே குறைவாக வளையும். மரத்தின் நடுவைப் பார்த்த முகம் ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் வரட்டும். இழைக்கும்போது இரு முகத்திலும் சமமாக எடுங்கள். ஒரே பக்கம் சுரண்டினால் மறுநாள் காலை பலகை குழிந்திருக்கும்.

அடித்தட்டு தரையிலிருந்து 100 மி.மீ. மேலே, தட்டுகளுக்கு நடுவே 325 மி.மீ. இடைவெளி வைத்தால் உச்சித் தட்டு சரியாக மேல் ஓரத்தில் வந்து உட்காரும். அதற்கு மட்டும் ஓரத்தில் ஒரு பக்கம் திறந்த அரைக்காடி. காடியின் அகலத்தை அளவுகோலில் குறிக்காதீர்கள், தட்டின் நுனியையே வைத்துக் கோடு போடுங்கள். பைனில் உளி மழுங்கியிருந்தால் மென்மையான பகுதி அறுபடாமல் நசுங்கும், ஆகவே காடி எடுக்கும் முன் உளியைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

அறுப்பு, காடி, துளை எல்லாம் முடிந்தபின் ஒட்டாமல் ஒருமுறை கோத்துப் பாருங்கள். பிறகு பிரித்துக் கரையான், பூச்சி தடுக்கும் மருந்து: 2 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் அமிலம் கரையும் வரை கலக்கி, தூரிகையில் மூன்று முறை, ஒவ்வொன்றும் உறிஞ்சியபின் அடுத்தது. நுனிகளுக்கு இன்னும் ஒருமுறை கூடுதல். பசை படும் இடத்தில் மட்டும் பூச வேண்டாம். கையுறை போடுங்கள், மீதியைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மறுபடி ரீப்பர் வைத்து அடுக்கி ஒரு வாரம் காயட்டும். மரநார் ரோமம் போல எழும்பியிருக்கும், 180 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் அடங்கும். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான்.

பசை நீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். ஒவ்வொரு தட்டின் நுனிக்கும் மூன்று திருகாணி, மொத்தம் முப்பது, 4 × 50 மி.மீ. பக்கப் பலகையில் 4 மி.மீ. துளை, தட்டின் நுனியில் 2.5 மி.மீ. துளை. துளையில்லாமல் ஏற்றினால் விளிம்பருகே பிளப்பது உறுதி. பாரத்தைக் காடி தாங்குகிறது, திருகாணி இறுக்கிப் பிடிக்க மட்டும், ஆகவே மெஷின் கொண்டு வெறியாக முறுக்க வேண்டாம். பைன் மென்மரம், நுனியில் திருகாணி எளிதில் சுற்றிக்கொள்ளும்.

திருகாணி 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு. தேவனாம்பட்டினம், புதுச்சேரிக் கடற்கரைச் சாலை போல உப்புக்காற்று நேராக அடிக்கும் வீடுகளுக்கு 316. வெள்ளைப் பூச்சு திருகாணி உப்புக் காற்றில் சீக்கிரம் துரு வடிக்கும், பைனின் வெளிர் நிறத்தில் அது உடனே தெரியும்.

பின்பக்கம் 6 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட்டை ஒவ்வொரு தட்டிலும் திருகாணி போட்டு அடையுங்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிறுத்துவது அதுதான். பசை காயும் முன் மூலைவிட்டம் இரண்டையும் நாடாவில் அளந்து சமம் என்று உறுதிசெய்யுங்கள்.

கணுவும் பாலிஷும்

பைனில் கணு இருக்கும், அதிலிருந்து பிசின் கசியும். நம் ஊர் வெயில் சூட்டில் அது பாலிஷைத் துளைத்துக்கொண்டு மஞ்சளாக வெளிவரும். 70 டிகிரிக்கு மேல் சூளையில் காய்ந்த மரத்தில் பிசின் இறுகியிருக்கும், ஆனால் கடையில் அதை யாரும் சொல்லமாட்டார்கள். கணுவை டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு அரக்குப் பூச்சு இரண்டு முறை: 500 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட்டில் மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 100 கிராம், இரவு முழுக்க ஊறட்டும். கணுவைச் சுற்றி ஒரு விரல் அளவு கூடுதலாகப் பூசவேண்டும். கறுப்பு வளையத்தோடு ஆடும் கணு செத்த கிளையினுடையது, அது ஒருநாள் விழுந்துவிடும். தட்டின் நடுவில் அது வரும்படி அறுக்காதீர்கள்.

தேக்கு நிறச் சாயம் அடிக்கப் பலர் ஆசைப்படுவார்கள். பைனில் மென்மையான பகுதி சாயத்தை அதிகம் குடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். வேண்டுமென்றே செய்தால், அதே அரக்கில் ஸ்பிரிட் இரண்டு மடங்கு சேர்த்து நீர்க்கவைத்து முதலில் ஒரு கை ஓட்டிவிட்டுச் சாயம் அடியுங்கள். எங்களைக் கேட்டால் நிறம் மாற்றாமல் விடுவது மேல். வெளிச்சத்தில் தானாகவே தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

மேல்பூச்சு பாலியூரித்தேன் மூன்று கை, நடுவில் 320 உப்புத்தாள். தட்டின் அடிமுகம், பக்கப் பலகையின் பின்விளிம்பு, தரையில் படும் நுனி எதையும் விடக்கூடாது. ஒரு முகம் மூடி, மறுமுகம் திறந்திருந்தால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் பலகை வளையும். காற்றில் ஈரம் கனத்த மழை நாளில் அரக்கோ லாக்கரோ அடித்தால் பால் போல வெளுக்கும். வெயில் வந்த நாளில் பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

வைக்கும் இடம்

ரப்பர் மரத்தில் மாவாகக் கொட்டவைக்கும் வண்டு பைனைத் தொடாது. கரையான் விடாது, அதிலும் வெள்ளைப் பகுதியை முதலில் பிடிக்கும். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, காலடியில் கிரானைட் துண்டு வைத்து நிறுத்துங்கள். உச்சியில் ஒரு எல்-பட்டை சுவரோடு பிடிக்கட்டும், பிள்ளைகள் ஏறினால் சாயாது. 

வாசற்கதவு, வெளி ஜன்னல், மாடிப் பந்தல், குளியலறை, இவற்றுக்கு மருந்து அழுத்தி ஏற்றாத பைன் வேண்டாம். வைரமே வெளியில் நெடுநாள் தாங்காது, வெள்ளை சில மழைக்காலத்தில் மக்கும். அங்கே தேக்கோ வேம்போ போடுங்கள், பைனை உள்ளறைக்கு வையுங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்து, தை பிறந்ததும் திருகாணிகளை ஒருமுறை கையால் சோதியுங்கள். மரம் வீங்கிச் சுருங்கியதில் சிலது கால் சுற்று தளர்ந்திருக்கும், கைத்திருப்புளியால் இறுக்கினால் போதும். தளர்ந்தது சுற்றிக்கொண்டே இருந்தால் துளையில் பசை தோய்த்த பைன் குச்சி அடித்து, காய்ந்தபின் மறுபடி 2.5 மி.மீ. துளையிட்டு ஏற்றுங்கள்.